துணி தண்ணீர் குடித்தது

அக்கா,

இன்று காலை நம் குருண் துணி ஆலையில் புதுத் தொட்டியின் மூடியைத் திறந்தேன். மலாய்க்காரர்களின் தாப்பாய்ச் சோறு புளித்தது போன்ற வாடை முகத்தில் அடித்தது. சோதனைக்கூடத்தில் உங்கள் மேசையருகே எப்போதும் இருந்த நொதிக் கரைசலின் வாடை. அப்படியே நின்றுவிட்டேன்.

பாலியஸ்டர் இழை தண்ணீரை ஒட்டவிடாது. அதைத் தண்ணீர் உறிஞ்சப் பழக்க, நம் ஆலை துணியைக் கொதிக்கும் காரசோடாவில் அமிழ்த்தியது. சோடா இழையின் மேல்தோலை அரிக்கும். தெறித்தால் ஆளின் தோலையும்தான். அந்தப் பகுதியில் வேலை செய்த உங்கள் கணவருக்கு ஒரு கண் அப்படித்தான் போனது. அதன் பிறகு சோடாவுக்குப் பதில் நொதியைக் கொண்டுவரும் முயற்சியை நீங்கள் விடவே இல்லை. "என்சைமும் மேல்பக்கத்தத்தான் தின்னும் தம்பி. ஆனா சோடா மாதிரி மனுசன சுடாது" என்பீர்கள்.

பல மாதம் துணி மசியவில்லை. சூடு கூடினால் நொதி செத்தது. குறைந்தால் வேலையே செய்யவில்லை. பிறகு ஒரு பிற்பகல் என்னைக் கூப்பிட்டு, துணிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டீர்கள். எப்போதும் உருண்டோடும் சொட்டு, பரவி உள்ளே இறங்கியது.

"குடிச்சிருச்சு லா!" என் தோளில் ஓங்கி அடித்தீர்கள்.

மேலாளர் துணியைத் தடவிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா சோடா அரை மணியில முடிக்கிறதுக்கு இது ஒரு நாள் எடுக்குதே. பிறகு பார்க்கலாம்."

"பிறகுன்னா எப்ப சார்? இன்னொருத்தருக்குக் கண்ணு போன பிறகா?"

அவர் துணியை மேசையில் போட்டுவிட்டுப் போனார்.

அடுத்த மாதமே, ஒப்பிட்டுப் பார்க்க சோடாத் துணியில் மாதிரி எடுக்கப் போனீர்கள். குழாய் இணைப்பு பிய்த்துக்கொண்டு, கொதிக்கும் சோடா உங்கள் மேல் கொட்டியது. உங்களை அவசரக் குளியல் குழாயடிக்கு இழுத்துப் போனேன். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. "கண்ணு தெரியல தம்பி" என்று மட்டும் சொன்னீர்கள். அலோர்ஸ்டார் மருத்துவமனையில் ஒரு வாரம் கிடந்து, போய்விட்டீர்கள்.

விசாரணை வந்தது. அதன் பிறகே இந்த நொதித் தொட்டி வந்தது. ஒரு நாள் ஆகிறதே என்று இப்போது யாரும் முணுமுணுப்பதில்லை.

போன ஞாயிறு தேவாலய வாசலில் உங்கள் மகளைப் பார்த்தேன். மகிழ்வாள் என்று நினைத்துச் சொன்னேன்: "அம்மா கேட்டத ஆலையில போட்டுட்டாங்கம்மா."

அவள் என்னையே பார்த்தாள். "எங்கம்மா உயிரோட இருக்கப்ப ஏன் அங்கிள் போடல?"

அவள் அப்பாவின் கையைப் பிடித்துப் படிகளில் மெல்ல இறக்கிக் கூட்டிப்போனாள். அந்தக் கேள்வியோடுதான் அக்கா, தினமும் வேலைக்கு வருகிறேன்.