காலி வண்டியின் ஹாரன்

உன் தார்ப்பாய் இன்று நனைந்துவிட்டது. பொம்மிடி ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் சித்தேரிக்குப் போக வேண்டிய அரிசி மூட்டைகளை என் மினி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அவசரத்துக்கு வேறொன்றும் கையில் அகப்படவில்லை. உன் காரியம் முடிந்த அன்று உன் மனைவி, "அண்ணா, இத உங்ககிட்ட குடுக்கச் சொன்னாருங்க, எதுக்குன்னு சொல்லல" என்று ஒரு பட்டாளத்துத் தார்ப்பாயைக் கொடுத்தாளே, அதைத்தான் எடுத்து மூடினேன். ஈரம் பட்டதும் மண்ணெண்ணெய் வாசனை வந்தது. உன் வீட்டுப் பரணில் இத்தனை வருடம் தூசி தின்று கிடந்த துணியில் அது எப்படி மிச்சமிருக்கும் என்று எனக்குப் புரியவில்லை.

மூட்டை தூக்குகிற பெரியவரும் முகர்ந்து பார்த்தார். "என்னங்க, எண்ணெய் கிண்ணெய் கொட்டிடுச்சா? அரிசியில எறங்கிடப் போவுது" என்றார். அவருக்கும் வாசனை வந்ததில் எனக்குப் பாதி பயம் போயிற்று. மீதிப் பாதி வந்து சேர்ந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு கூட்ஸ் போயிற்று. திறந்த பெட்டிகளில் பட்டாள வண்டிகள், எல்லாம் தார்ப்பாய் மூடியவை. பிளாட்பாரத்தில் நின்றவர்கள் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். உனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. "துப்பாக்கியத்தான்டா எல்லாரும் பாக்குறாங்க. சண்டைய பாக்டரி ஆரம்பிக்குது, ரயிலு தூக்கினு போவுது, கடைசில ஒரு ஆளு முதுகுலதான் முடியுது" என்பாய். நான் அந்த முதுகு. நீ அதற்கு முந்தின டிரைவர்.

பட்டாளத்தில் சேருமுன் நீ சித்தேரியிலிருந்து புளி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாய். மலைப்பாதையில் முனியப்பன் வளைவு வந்தால் ஒரு நீள ஹாரன், இரண்டு குட்டை ஹாரன். உன் கை தானாகப் போகும். அதே கையோடு வடக்கே எல்லை மலைக்குப் போனாய். அங்கே நானிருந்த மலையுச்சிக் காவல் போஸ்ட்டுக்குக் கீழே ஒரு வளைவில், வண்டியோடு உருண்டு செத்துப்போன டிரைவர் ஒருவருக்காகக் கல் அடுக்கி வைத்திருந்தார்கள். நீ அதை முனியப்பனாக்கிவிட்டாய். எலுமிச்சம்பழத்துக்கு அங்கே எங்கே போவது? பீடி ஒன்றைப் பற்ற வைத்துக் கல்லின்மேல் வைப்பாய். பிறகு ஒரு நீளம், இரண்டு குட்டை.

மேலே இருந்த எங்களுக்கு அது வேறு அர்த்தம். அந்த ஹாரன் கேட்டால் அரிசி, மண்ணெண்ணெய், குண்டு, வீட்டுக் கடிதம், எல்லாம் வந்தாயிற்று என்று பொருள். எங்கள் பாஷையே தெரியாத ஆட்கள்கூடப் பதுங்குகுழியை விட்டு வந்து கூச்சல் போடுவார்கள். உன் கெட்ட பழக்கம் ஒரு போஸ்ட்டையே தாங்கிக்கொண்டிருந்தது போ.

சண்டை முற்றிய சமயத்தில்தான் ஆற்றில் வெள்ளம் வந்து பாலம் போயிற்று. சரக்குக்குப் பஞ்சமே இல்லை என்று பிறகு சொன்னாய். ஆற்றின் அந்தக் கரையில் லாரிகள் வரிசை கட்டி நின்றன, ரயிலடியில் மலையாகக் குவிந்து கிடந்தது. இந்தக் கரையில் வண்டி என்று மாட்டிக்கொண்டது உன் காலி வண்டி ஒன்றுதான். மேலே எங்களுக்கு மாவு தீர்ந்தது, அடுப்பு எரிவது நின்றது. எதிர் முகட்டிலிருந்து சுட்டால் பதிலுக்குச் சுடவும் ஆட்கள் எழுந்திருக்கவில்லை. பசியைவிட, குளிரைவிட, கீழே யாரும் இல்லை என்ற நினைப்புதான் எங்களைச் சாய்த்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் இறங்கி ஓடியிருப்போம்.

அப்போது கேட்டது உன் ஹாரன். அடுப்புப் பொறுப்பில் இருந்த பஞ்சாப்காரர் அழுதே விட்டார். அடியில் ஒளித்து வைத்திருந்த கடைசி மண்ணெண்ணெயை ஊற்றி எல்லோருக்கும் வெந்நீர் போட்டார். சுமை தூக்க என்னை அனுப்பினார்கள். நான் இறங்கி வந்தபோது நீ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாய். தார்ப்பாய் இறுக்கிக் கட்டியிருந்தது.

"அவுக்காதடா," என்றாய்.

நான் அவிழ்த்தேன். உள்ளே கிழிந்த சாக்கு ஒன்று, மண்ணெண்ணெய் வாசனை. அவ்வளவுதான்.

"மேல போயி ஹாரன் மட்டும் அடிச்சிட்டு வான்னு ஆபீசர் சொன்னாருடா. நானும் அடிச்சிட்டேன். நீ வருவன்னு நெனைக்கல." "பாதை உறைஞ்சு கெடக்குது, நாளைக்குத்தான் தூக்க முடியும்னு சொல்லிடு. நம்ம வூட்டு ஆளுங்கன்னு நெனச்சுச் சொல்லு."

டீசல் அதோடு தீர்ந்தது. இன்ஜின் ஓடாமலே, பிரேக்கை நம்பி, இறக்கத்தில் உருட்டிக்கொண்டே பாலம் வரை போய்ச் சேர்ந்தாய். பேட்டரியைக் கழற்றிப் பாலம் கட்டுகிறவர்களின் விளக்குக்குக் கொடுத்துவிட்டாய். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. மேலே எங்கள் சுபேதாரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டு, மற்றவர்களிடம் நீ சொன்னதைச் சொன்னேன், நம்பினார்கள். எதிர் முகட்டிலிருந்து வெடி வந்தபோது எல்லோரும் எழுந்து நின்று சுட்டார்கள்.

மறுநாள் அதே நேரத்துக்கு ஹாரன் கேட்டது.

ஒரு நீளம், இரண்டு குட்டை. மற்றவர்கள் கூச்சல் போட்டார்கள். அது காலி வண்டி என்று தெரிந்தவர்கள் அங்கே நானும் சுபேதாரும்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எட்டிப் பார்த்தேன். வளைவில் அடுக்கிய கல் இருந்தது, வண்டி இல்லை. அதற்கடுத்த நாளும் கேட்டது, பாதை இன்னும் உறைந்துதான் கிடக்கிறது என்று சுபேதார் மற்றவர்களை இறங்கவிடாமல் நிறுத்திவைத்தார். எனக்குச் சந்தோஷமே வரவில்லை. ஆனால் நானும் கூச்சல் போட்டேன், எழுந்து நின்று சுட்டேன்.

பிறகு ஒரு நாள் எதிர் முகடு அடங்கிப்போயிற்று. ஏறிப் பார்த்தோம். ஆட்கள் இல்லை. காலி டப்பாக்கள் கிடந்தன, உள்பக்கம் விரலால் வழித்து நக்கிய தடத்தோடு. அவர்களுக்கும் ஒன்றும் வந்து சேரவில்லை. ஆனால் தினமும் எங்கள் வண்டி வருகிற சத்தம் அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. அவர்கள் பக்கத்தில் ஹாரன் அடிக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஜெயித்துவிட்டோம் என்று எல்லோரும் கட்டிக்கொண்டார்கள். நான் அந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தேன்.

பாலம் முடிந்து நீ நிஜமாகவே அரிசியோடு வந்தாய். பேட்டரி இல்லாமல் தள்ளி ஸ்டார்ட் செய்த வண்டி, ஹாரன் மட்டும் செத்துக் கிடந்தது. ஹாரன் இல்லாமல் வந்து நின்ற வண்டியை யாரும் நம்பவில்லை. மூட்டையைப் பிரித்துக் காட்டியும் பஞ்சாப்காரர் அரிசியைத் தொடப் பயந்தார்.

ஊருக்குத் திரும்பியபின் எத்தனையோ தடவை கேட்டேன். "மறுநாள் யாருடா அடிச்சது?" நீ எரிந்து விழுவாய். "நான் பாலத்தாண்ட கல்லு தூக்கினு இருந்தேன்டா. பேட்டரியே இல்லாத வண்டி எப்பிடிடா கத்தும்?" ஒரே ஒரு தடவை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னாய். "எங்களுக்கும் ஒண்ணு கேட்டுச்சு. நீங்க மேல கூச்சல் போடுற சத்தம். அவ்ளோ தூரம் எப்பிடிக் கேக்கும்? ஆனா அதக் கேட்டுத்தான் கல்லு தூக்குனோம்."

அதற்குப் பிறகு நீ சித்தேரிப் பாதையில் ஹாரனே அடித்ததில்லை. முனியப்பன் வளைவில்கூட ஊமையாகத்தான் போவாய். "சாமி கோவிச்சுக்கப் போறாருடா" என்று நான் சீண்டினால், "நான் காலியா போறப்ப அடிச்சு, எங்கியோ யாராச்சும் நம்பிட்டா?" என்பாய். அப்போது எனக்குச் சிரிப்பு வரும். இப்போது வரவில்லை.

இன்று பாப்பிரெட்டிப்பட்டி தாண்டி மலையேறும்போது மழை விட்டிருந்தது. முனியப்பன் வளைவில் வண்டியை நிறுத்தினேன். நான் விட்டொழித்த பீடியை உனக்காகக் கடையில் வாங்கியிருந்தேன், பற்ற வைத்துக் கல்லின்மேல் வைத்தேன். பின்னால் அரிசி முழு லோடு. தார்ப்பாய் மூடியிருந்தது. ஒரு நீளம், இரண்டு குட்டை அடித்தேன்.

மேலேயிருந்து கூச்சல் கேட்டது. பல ஆண்களின் குரல், பல பாஷை. ஒரு குரலை எனக்கு நன்றாகத் தெரியும், அது அந்தப் போஸ்ட்டில் நின்று கத்திய என்னுடையது.

ஊருக்குள் போனால் கடையில் ஒரு அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள். "கத்துனாங்களா? ஆருங்க? அல்லாரும் கொல்லையில களை வெட்டவில்ல போயிக்கிறாங்க" என்றாள். நான் மூட்டைகளை இறக்கிவிட்டுத் தார்ப்பாயை மடித்தேன். அதில் இப்போது மழைவாசனை மட்டும்தான் இருந்தது.

நீ போகும்வரை மனதைப் போட்டு வதைத்துக்கொண்டிருந்தாய், காலி வண்டியைக் காட்டி ஆட்களை ஏமாற்றிவிட்டோம் என்று. முதல் நாள் அடித்தது நீ, அது காலிதான், அதை விடு. மறுநாள் கேட்டது காலி வண்டி இல்லையடா. அதில் பொம்மிடி அரிசி இருந்தது. உன் தார்ப்பாய்தான் மூடியிருந்தது. இன்றைக்கு அதை ஓட்டிவந்தவன் நான்.

பாலம் முடிகிற வரைக்கும் அது அங்கே தினமும் கேட்டது. நாளைக்கும் லோடு இருக்கிறது, அடிக்கிறேன்.