மண் பிடியும் சட்டைப் பிடியும்

திண்டிவனம்
14-12-1986

என் கண்ணு அப்பாதுரைக்கு அம்மா ஆசீர்வாதம் பண்ணி எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் நன்றாக இருக்கிறோம், கோலியனூரில் உன் தங்கை ருக்குவும் பிள்ளையும் சுகம், அந்த ஜலந்தர் குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ என்றுதான் எங்களுக்கு ஓயாத நினைப்பு. மழை கடைசியில் பிடித்துக்கொண்டதால் நம் கடலை மண்டிக்கு மல்லாட்டை எல்லாம் ஈரமாக வருகிறது. காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்று நேற்று கெடாரிலிருந்து வந்த ஆட்களைத் திருப்பி அனுப்பினேன், முறைத்துக்கொண்டு போனார்கள், காய்ந்ததும் நம் மண்டிக்குத்தான் வருவார்கள். உங்கப்பா கல்லாவில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களிடமெல்லாம் உன் பேச்சுதான். மிலிட்டரியில் உன் பையன் துப்பாக்கி சுடுகிறானா என்று ஒருத்தர் கேட்டதற்கு, "துப்பாக்கிய எவன் வேணா சுடுவான்யா, எம்புள்ள ஆளையே தூக்கிப் போட்டுக்கினு கீறான்" என்றார்.

உன் கடிதம் வந்தது. குஸ்தியை விட்டு ஜூடோவுக்கு வந்தால் ஜனவரி செலக்‌ஷனில் டீமில் சேர்த்துக்கொள்வதாகக் கோச் சொல்கிறார், எதில் நிற்பது என்று கேட்டிருக்கிறாய். அதோடு போகிறபோக்கில், பழகும்போது ஒருத்தன் கையை மடக்கினான், நான் கடைசிவரை தோற்றேன் என்று தரையைத் தட்டவில்லை, முழங்கை கொஞ்சம் வீங்கியிருக்கிறது என்று பெருமையாக ஒரு வரி. அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மாவுக்குக் குஸ்தியில் என்ன தெரியும் என்று நினைக்காதே. நீ பிறப்பதற்கு முன்னால் விழுப்புரம் கோதா ஓரத்தில் கூடை வைத்து மல்லாட்டை உருண்டை விற்றவள் நான். ஜெயிக்கிறவன் பக்கத்து ஜனம்தான் சந்தோஷத்தில் கை நிறைய வாங்கும், அதனால் யார் ஜெயிப்பான் என்று முன்கூட்டியே பார்த்துக் கூடையை அந்தப் பக்கம் நகர்த்திவிடுவேன். பெரும்பாலும் தப்பாது. செம்மண்ணில் நல்லெண்ணெயும் மோரும் மஞ்சளும் விட்டுக் குழப்பிப் போட்டிருப்பார்கள், தூறல் விழுந்தால் அந்த வாசனை ரயிலடி வரைக்கும் வரும். உங்கப்பா லங்கோடு கட்டிக்கொண்டு தொடையைத் தட்டினால் புளியமரத்தில் இருக்கிற காக்காயெல்லாம் பறக்கும். இப்போது நினைத்தாலும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது.

மண் குஸ்திக்கு அவசரம் கிடையாது. மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டு நிற்பான், கழுத்தும் மூச்சும் இரும்பாகும். ஆனால் வேகம் வராது, எதிராளி களைக்கட்டும் என்று காத்திருந்தே பழகிவிடும். நீ இப்போது ஆடுகிற மெத்தை குஸ்தியில் வேகம் உண்டு, காலை வாரத் தெரியும், ஆனால் பாயிண்ட் முந்திக்கொண்டவன் அப்புறம் நழுவி நழுவியே நேரத்தை ஓட்டிவிடலாம். நீ குட்டை, நெட்டையானவன் அப்படி விலகி நின்றால் உனக்குப் பேஜார். ஜூடோவில் சட்டையைப் பிடித்துவிட்டால் சின்ன ஆள்கூடப் பெரிய ஆளை முதுகடிக்க எறியலாம், சட்டை இல்லாவிட்டால்தான் அவர்கள் கை எதைப் பிடிப்பது என்று தடுமாறும். இதையெல்லாம் நான் யாரிடமும் கேட்டுச் சொல்லவில்லை, கிளியனூர் திருவிழாவில் கண்ணால் பார்த்தேன். உங்கப்பாவின் கை குஸ்தியில் போனது என்பது உனக்குத் தெரியும், எப்படிப் போனது என்று நாங்கள் சொன்னதில்லை.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்ததால் எல்லோரும் சொல்தா என்று கூப்பிடுகிற புதுச்சேரி சவுரிராயன், அங்கே ஜூடோ படித்தவர். உன் முறைக்கு ஒரு ஆட்டம், என் முறைக்கு ஒரு ஆட்டம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். முதல் ஆட்டம் வெறும் உடம்போடு. சொல்தாவுக்குப் பிடி கிடைக்கவில்லை, உங்கப்பா மல்லாத்திப் போட்டு மார்மேல் உட்கார்ந்தார். "இன்னா சொல்தா, சட்ட இல்லாம குளுருதா" என்று ஜனம் கத்தியது. அடுத்த ஆட்டத்துக்குக் கோணி மாதிரி தடித்த சட்டையை உங்கப்பாவுக்கும் மாட்டிவிட்டார்கள். நான் கூடையை நகர்த்தவில்லை. சொல்தா சட்டையைப் பிடித்த வேகத்தில் உங்கப்பா ஒருக்களித்துத் தரையில் இருந்தார். நம் பழக்கத்தில் முதுகு மண்ணில் படக்கூடாது அல்லவா, சட்டென்று குப்புறப் புரண்டுவிட்டார். குஸ்தியில் அது காப்பு. ஜூடோக்காரனுக்கு அது கையைத் தூக்கிக் கொடுத்த மாதிரி. சொல்தா அவர் கையை இழுத்துப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு, "அண்ணே, தட்டிடுண்ணே, கை பூடும்ணே" என்று கெஞ்சுகிறார். உங்கப்பா, "முதுகே மண்ல படல, நான் எதுக்குடா தட்டறது" என்று சொல்லிவிட்டு அந்தக் கையோடு எழப் பார்த்தார். விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். சொல்தா அப்போதே விட்டுவிட்டார், தானே புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். இன்றைக்கும் நம் வீட்டுக்கு வந்தால் சாப்பிடாமல் போகமாட்டார். ஆனால் மூட்டை தூக்கிப் பிழைத்த அந்தக் கை அப்புறம் நிமிரவே இல்லை. என் ஒரு கூடை கடையானதும் மண்டியானதும் அதற்கப்புறம்தான். வியாபாரம் நன்றாக வந்தது, இல்லை என்று சொல்லவில்லை, அதற்காக அந்தக் கையைக் கொடுத்திருப்பேனா?

அதனால் என் பதில் இதுதான். ஜூடோவுக்குப் போ. உன் குட்டை உடம்புக்கும் இடுப்புப் பலத்துக்கும் அது சரியாக வரும், சியோல் ஏஷியாடில் நம் ஆட்கள் ஜூடோவில் மெடல் வாங்கினார்களே, எதிர்காலமும் இருக்கிறது. ஆனால் நம் கோதாவின் ரோஷத்தை அங்கே எடுத்துக்கொண்டு போகாதே. முதலில் டாக்டரிடம் முழங்கையைக் காட்டு. கை மாட்டினால் உடனே தட்டு. முதுகு படவில்லையே என்று கணக்குப் பேசாதே.

இவ்வளவும் எழுதிவிட்டு உன் கடிதத்தில் அந்த வரியை உங்கப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கல்லாவிலிருந்து எழுந்து போய், மூட்டை இல்லாத இடமாகப் பார்த்து மண்டித் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, "நல்ல கையப் புடிச்சி முறுக்குடி" என்றார். கடையில் ஆட்கள் நிற்கிறார்கள், எனக்கு வெட்கம் பிடுங்கியது. லேசாகத்தான் முறுக்கினேன். வலித்திருக்கவே வலித்திருக்காது, அதற்குள் அந்தக் கோணல் கையால் தரையைப் பட்பட்டென்று தட்டினார், எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி. மூச்சு வாங்க எழுந்து உட்கார்ந்து, "உங்கப்பன் தட்டிட்டான்னு எழுது, அவனும் தட்டட்டும்" என்றார். எழுதிவிட்டேன் கண்ணு.

நோய்நொடி இல்லாமல், கைகால் பழுதில்லாமல் நீ தீர்க்காயுசாக இருக்கவேண்டும். டாக்டர் என்ன சொன்னார் என்று கார்டாவது ஜல்தியாகப் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
சி. தையல்நாயகி