இரண்டு கூம்பு வானொலி

பட்டினப்பாக்கம்,
6.6.93, ஞாயிறு

சௌபாக்கியவதி ஸ்ரீரஞ்சனிக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், குறையெல்லாம் குடத்தில்தான். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் உதைத்துக்கொண்டிருப்பவரும் சௌக்கியமாக இருக்கவேண்டும் என்று பெருமாளை வேண்டியபடியே இருக்கிறேன்.

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. இரண்டாவதில் பெண்ணைவிட ரேடியோ பெரிதா அம்மா என்று கேட்டிருந்தாய். சுருக்கென்று தைத்தது. தலைப்பிரசவம், முறைப்படி உன்னை இங்கே அழைத்து வந்திருக்க வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கும் குழந்தைக்கும் குளிக்க லாரித் தண்ணீரை எதிர்பார்த்துக்கொண்டு எப்படியடி அழைத்து வருவேன்? சரி, நானாவது ஜாம்ஷெட்பூருக்குக் கிளம்பலாம் என்றால் அதற்கும் கால் எழவில்லை. இங்கே உட்கார்ந்தால் அங்கே நினைப்பு, அங்கே வரலாம் என்றால் இங்கே நினைப்பு. இதை எழுதும்போதே மூன்று தடவை எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டு வந்தேன். லாரி வருகிற நேரம்கூட இல்லை, ஆனாலும் காது வாசலில்தான் இருக்கிறது.

உங்கம்மா என்னமோ வானொலி நிலையம் நடத்துகிறாராமே என்று மாப்பிள்ளை கேலி செய்வதாக எழுதியிருந்தாய். அவரிடம் முழுக் கதையையும் சொல். குடியரசு தினக் கொடியேற்றத்துக்கு என்று காலனிச் சங்கத்தில் ஒரு ஆம்ப்ளிஃபயரும் மைக்கும் வாங்கினார்கள், வருஷத்துக்கு ஒரு நாள் பேசிவிட்டு மூடி வைப்பானேன் என்று உன் அப்பாதான் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி ஆரம்பித்தார். மொட்டை மாடித் தண்ணீர்த்தொட்டி மேல் இரண்டு கூம்பு ஸ்பீக்கர், ஒன்று நம் பிளாக்குகளைப் பார்த்து, இன்னொன்று மதிலுக்கு அந்தப் பக்கம் குடிசைகளைப் பார்த்து. அங்கேயும் மனுஷாதானே இருக்கா, கேக்கட்டுமே என்றார். ரேஷனில் பாமாயில் வந்தால் அதில்தான் சொல்வோம். குழந்தைகள் பாடும், நீகூடப் பாதிப் பாட்டில் அடி மறந்து, தண்ணி குடிச்சுட்டு வரேன் என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு ஓடினாய், ஊரே சிரித்தது. அப்புறம் வீட்டுக்கு வீடு டிவி வந்தது, நம் வானொலியை நாய்கூடக் கேட்கவில்லை. அதை உயிர்ப்பித்தது இந்தத் தண்ணீர்ப் பஞ்சம்தான். லாரி எப்போது வரும் என்று கடவுளுக்கே தெரியாது. வந்தால் முதலில் பார்ப்பவள் சுப்பம்மா, நம் கேட்டுக்கு எதிரே திருப்பத்தில் மீன் கடை போட்டிருக்கிறாளே, குடிசைப் பக்கத்தில் குடியிருப்பவள், அவள்தான். “மாமி, லாரி!” என்று அங்கிருந்து குரல் கொடுப்பாள், சங்க அறையில் இருக்கும் நான் மைக்கைப் போடுவேன், இரண்டு பக்கமும் குடங்கள் ஓடிவரும். காலனி பிடித்து முடித்ததும் மிச்சத் தண்ணீருக்கு லாரிக் குழாயை மதில் மேல் தூக்கி அந்தப் பக்கம் போடுவோம். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, அப்படியே நடந்து வந்தது.

இது நம் செயலாளர் ராஜரத்தினத்துக்குப் பொறுக்கவில்லை. காலனித் தண்ணீரை ஊருக்கெல்லாம் தண்டோரா போடுவதா என்று பேச ஆரம்பித்தார். நான் ஊருக்குக் கிளம்பினால் மறுநாளே குடிசைப் பக்கக் கூம்பைப் பிடுங்கிவிடுவார் என்றுதான் உனக்குப் பதில் எழுதாமல் தவித்தேன். கடைசியில் நான் இருக்கும்போதே செவ்வாய்க்கிழமை ஆளை ஏற்றி அதன் ஒயரைக் கழற்றிவிட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, அன்று சாப்பாடே இறங்கவில்லை.

மறுநாள் லாரி வந்தது. சுப்பம்மா வாயைத் திறக்கவில்லை. வந்ததே எனக்குத் தெரியவில்லை, மைக்கைப் போடவில்லை. டிரைவர் கொஞ்ச நேரம் பார்த்தான், ஒரு குடத்தையும் காணோம், வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டான். ராஜரத்தினம் பனியனோடு லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை ஓடினார், வெறும் கையோடு திரும்பினார். பார்த்துக்கொண்டே இருந்தாயே, சொன்னால் என்ன என்று சுப்பம்மாவிடம் பாய்ந்தார். அவள் மீன் செதிலைச் சீவியபடியே, “எங்க பக்கம் ஸ்பீக்கரு ஊமையா கீது சார், நான் மட்டும் இன்னாத்துக்குக் கத்தணும்?” என்றாளாம். அன்றைக்கு நம் வீட்டில் அரைக் குடத்தில் சமையல். இருந்தாலும் சொல்கிறேன், எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை சங்கக் கூட்டம். இரண்டு நாள் தண்ணீர் இல்லாமல் இருந்தவர்களுக்கு நியாயம் சீக்கிரம் புரிந்தது, ஒயரைத் திரும்ப மாட்டச் சொல்லிவிட்டார்கள். அந்தச் சூட்டோடு நானும் எழுந்து, பெண்ணின் பிரசவத்துக்குப் போகிறேன், திரும்பும்வரை மைக்கைச் சுப்பம்மா பார்த்துக்கொள்வாள் என்று சொல்லிவிட்டேன். மீன் நறுக்குகிற கையால் மைக்கைத் தொடுவதா என்று ஒரு குரல் வந்தது, யார் என்று நான் எழுதவில்லை, உனக்கே தெரியும். உன் அப்பா மெதுவாக, “லாரியைப் பாக்கறது அவ கண்ணு. சொல்றதும் அவ வாயா இருந்துட்டுப் போகட்டுமே, நாம சும்மா கேட்டுண்டு இருப்போம்” என்றார். அவர் கூட்டத்தில் வாய் திறந்ததே அதிசயம். ராஜரத்தினம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று காலைதான் அவளுடைய முதல் நாள். லாரியைப் பார்த்ததும் ஓடி வந்தவள், மைக்கைத் தொடுவதற்கு முன்னால் வாசலில் நின்று ஒரு சொம்புத் தண்ணீரில் கையைக் கழுவினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல், இருக்கிற தண்ணீரை இப்படிக் கொட்டுவாயா என்று அவளைத் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சமையலறையில் நின்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் நம் வானொலியை வெளியிலிருந்து நான் கேட்பது இதுதான் முதல் தடவை. “லாரி வந்துக்கினு கீது, எல்லாம் கொடத்த எடுத்துக்கினு வாங்க. மாமி, நீ வராத, ஊருக்குப் போறவ இடுப்பைப் புடிச்சுக்காத, உன் கொடத்த நாங்க ரொப்பிடுறோம்” என்றாள்.

வியாழக்கிழமை ரயிலில் கிளம்புகிறேன். அப்பா பதினோராம் நாள் புண்யாகவாசனத்துக்கு வருவார். நீ கனமான வாளியைத் தூக்காதே, இடது பக்கமாக ஒருக்களித்துப் படு, ராத்திரி சீக்கிரம் சாப்பிடு. பிரசவ மருந்துச் சாமானும் சுண்டைக்காய் வற்றலும் கொண்டுவருகிறேன், அங்கே அலையாதே. பாட்டி வந்து இறங்கும்வரை அவசரப்படாதே என்று உள்ளே இருப்பவரிடம் சொல்லி வை. பெருமாள் கிருபையில் எல்லாம் நல்லபடியாக நடக்கும், தீர்க்காயுசாக இருங்கள்.

ஒன்று மட்டும் மறக்காமல் மாப்பிள்ளையிடம் இப்போதே சொல்லிவிடு. குழந்தை பிறந்ததும் தந்தியைச் சங்க விலாசத்துக்குத்தான் அடிக்கவேண்டும். “புள்ளையோ பொண்ணோ, நான்தான் மைக்குல சொல்லுவேன், ரெண்டு பக்கமும் கேக்கணும்” என்று சுப்பம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் முகத்தைப் பார்க்கக் காத்துக்கொண்டிருக்கும்
அம்மா கோமளம்