அண்ணை வேலைக்குப் போன பனிமலை

என்ர ஆசை அண்ணை,

உங்கட மலைக்குப் போய்விட்டு நேற்றுத்தான் இலண்டனில் ஸ்ட்ரெதம் வீட்டுக்குத் திரும்பினேன். கம்பளிச் சட்டையைக்கூட இன்னும் தோய்க்கவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் மற்ற வேலை.

நீங்கள் இருக்கும்போது வரக் கிடைக்கவில்லை. அகதி வழக்கு இழுபட்டு இழுபட்டு, பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். இப்போது வந்ததற்குப் பாசம் பாதி, கோபம் பாதி. என் மாமியாரின் வாய் உங்களுக்குத் தெரியும்தானே? உங்கள் துக்கம் விசாரிக்க வந்த சனத்துக்கு முன்னாலேயே, "பாவம், சுவிஸில ரெஸ்டோரண்டில சாப்பாட்டுக் கோப்பை கழுவியே சீவியம் முடிஞ்சுது" என்றா. நான் விடுவேனா? வீடு இரண்டுபட்டது. ஆனாலும் அந்தச் சொல் மனதில் முள்ளாகக் கிடந்தது. அங்கே என் அண்ணையை யாராவது மனிதராக மதித்தார்களா? அதைக் கண்ணால் பார்க்காமல் எனக்கு ஆறாது.

அண்ணி காலையிலேயே ரயிலில் லூசேர்னுக்குக் கூட்டிப்போனா. ஏரி, அன்னங்கள், மரப்பாலம். கலண்டர் படத்தில் பார்த்த ஊர்தான். கரையில் ஆட்கள் உட்காரும் ஒரு வாங்கைக் காட்டி, "லீவு நாளில இதில இருந்துதான் அம்மாவுக்கு போன் எடுப்பார்" என்றா. இருவரும் அதில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்பினோம்.

பிறகு கேபிள் கார். கீழே பாதாளம். முருகா முருகா என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"கண்ணைத் திறவுங்கோ மச்சாள். உங்கட அண்ணை ஒவ்வொரு நாளும் இதிலதான் வேலைக்குப் போனவர்" என்று அண்ணி சிரித்தா.

நான் இங்கே பஸ்ஸில் இடிபட்டு வேலைக்குப் போகிறேன். நீங்கள் மேகத்துக்குள்ளால் போயிருக்கிறீர்கள்! ஏன் அண்ணை ஒருநாளும் சொல்லவில்லை?

மேலே கண் கூசும் பனி. சனமெல்லாம் படம் பிடிக்க, நாங்கள் நேரே உங்கள் ரெஸ்டோரண்டுக்குப் போனோம். அண்ணி உங்கள் பெயரைச் சொன்னதும் உள்ளேயிருந்து ஆஜானுபாகுவான வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார். தலைமைச் சமையல்காரராம். அண்ணியின் கையைப் பிடித்தார். நான் தங்கச்சி என்று தெரிந்ததும் என் முகத்தையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. பிறகு தமிழில் கேட்டார்: "சாப்பிட்டியோ?"

நான் திகைத்து அண்ணியைப் பார்க்க, அவர் சொன்னதை அண்ணி தமிழில் சொன்னா. வேலைக்கு வந்தவுடன் நீங்கள் ஒவ்வொருவரிடமும் கேட்கும் முதல் கேள்வி அதுதானாம். வெறும் வயிற்றோடு ஒருவரையும் அடுப்படியில் நிற்க விடமாட்டீர்களாம். இப்போது அந்தக் குசினியில் காலை வணக்கமே அதுதானாம். உங்களைக் கண்டேயிராத போர்த்துக்கல் பெட்டை ஒருத்தி, புதிதாகச் சேர்ந்தவள், அவளும் எட்டிப் பார்த்து, "சாப்பிட்டியோ?" என்றாள். இலண்டனில் நாங்கள் பெற்ற பிள்ளைகளையே தமிழில் கதைக்க வைக்க ஏலாமல் நிற்கிறோம், அண்ணை!

பெருமையில் எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. அழுதேன்தான். ஆனால் தலை நிமிர்ந்து அழுதேன்.

வாற கோடையில் மாமியாரையும் அங்கே கூட்டிக்கொண்டு போவேன், இது சத்தியம். உங்கள் ஆட்கள் "சாப்பிட்டியோ?" என்று கேட்பார்கள், அவ பதில் சொல்லட்டும். வயிறு நிறையச் சாப்பிடட்டும். அவ சாப்பிட்ட கோப்பையை நானே உள்ளே கொண்டுபோய், நீங்கள் நின்ற இடத்தில் நின்று கழுவி வைப்பேன்.

உங்கட கூடப்பிறந்த சண்டைக்காரி,
தங்கச்சி