சடையனுக்காகச் சாவடியில் போட்ட கூட்டம்

சித்திரை 12, 1937

பாட்டுக் கட்டும் சடையனுக்கு உதவி கேட்டு இன்று மத்தியானம் கூட்டம் போட்டேன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. கண் மங்கிவிட்டதால் கூலிக்குப் போக முடியவில்லை. போன வாரம் அடித்த காற்றில் குடிசைக் கூரையும் போய்விட்டது. இந்தப் பக்கத்து வயல்களில் நடவுக்குப் பாடுகிற பாட்டில் பாதி அவர் கட்டியது.

ஊர்ச் சாவடி நிறைய ஆள். அரை மணி நேரம் பேசினேன். அவர் பாட்டில் இரண்டைப் பாடியும் காட்டினேன். எனக்கே என் பேச்சு பிடித்துப்போயிற்று. மணியக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கூரைக்குக் கரும்புச் சோகை நம்ம காட்டுல எடுத்துக்கட்டும். சாப்பாட்டுக்கு நெல்லு ஊரே குடுத்துருமுங்க, வாத்தியாரே" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

சந்தோஷமாக வெளியே வந்தேன். தெருவுக்கு அந்தப் பக்கம், நிழலே இல்லாத இடத்தில், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சடையன் நின்றிருந்தார். உடம்பெல்லாம் வேர்வை. எப்போது வந்தீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க ஆரம்பிக்கறப்பவே வந்துட்டனுங்க சாமி. நல்லாப் பேசுனீங்க. இங்க வரைக்கும் கேட்டுதுங்க."

சேரிக்காரர் சாவடிப் படி ஏறக் கூடாது. எனக்குத் தெரியாததா? தெரியும். அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் அது நினைவுக்கே வரவில்லை.

கூட்டம் முதலில் ஏரிக்கரையில்தான் என்று இருந்தது. வெயில் தாங்காது என்று சாவடிக்கு மாற்றியது நான்.