வாசலிலிருந்து நாற்காலிவரை

என் ஸ்டெல்லாக் கண்ணே,

நீ போய் நாற்பது நாளாகிவிட்டது. மெட்டுகுடா வீட்டில் உன் அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. ஆபீஸில் உன் இடத்தில் புதிதாக ஒருத்தியை உட்கார வைத்திருக்கிறார்கள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. பாவம், அவள் என்ன செய்தாள்?

நம் விளையாட்டு ஞாபகமிருக்கிறதா? இன்டர்வியூவுக்கு வருகிறவர் கதவைத் திறந்து நாற்காலிக்கு வருவதற்குள் ஆளுக்கொரு தாளில் டிக்கோ பெருக்கல் குறியோ போட்டுவிடுவோம். முடிந்ததும் ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். "பாத்தியாக்கா, நம்ம கண்ணு தப்பாது" என்பாய். நானும் பெருமையில் மிதந்தேன்.

போன வாரம் பழைய ஃபைல்களை ஒப்படைக்கச் சொன்னார்கள். அதில் சனத்நகர் லட்சுமியின் ஃபைலும் இருந்தது. நீ காய்ச்சலில் படுப்பதற்கு முந்தின வாரம் வந்தாளே, நனைந்த ரப்பர் செருப்போடு, சாப்பாட்டுப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு? இருவரும் பெருக்கல்தான் போட்டோம். "நக்கோக்கா, வேணாம், க்ளையன்ட் முன்னாடி இவ எப்படி உக்காருவா?" என்றாய். 'பேச்சில் தெளிவில்லை' என்று எழுதியது நான்.

அதற்கு அடியில் இன்னொரு தாள். அந்த இன்டர்வியூவுக்கு நான்கு நாள் முன்பு அவளைப் போனில் பேட்டி எடுத்துவிட்டு நானே எழுதியது. 'மிகத் தெளிவாகப் பேசுகிறாள். விட்டுவிடக் கூடாது.' இரண்டும் என் கையெழுத்து. இரண்டையும் அருகருகே வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன், ஸ்டெல்லா.

நம் கண் தப்பாது என்று நமக்கு எப்படித் தெரியும்? எடுத்தவர்களைத்தானே பிறகு பார்த்தோம்? தள்ளியவர்களைத் திரும்பப் பார்த்ததே இல்லையே. நாம் எப்போதும் ஒத்துப்போனது, இருவர் பார்வையிலும் ஒரே கோணல் இருந்ததால்தானோ?

லட்சுமிக்குப் போன் செய்தேன். தெலுங்கில்தான் பேசினாள்.

"அன்னைக்கு நான் என்ன தப்பாச் சொன்னேன் மேடம்?"

"ஒண்ணும் தப்பாச் சொல்லலம்மா."

"எனக்குப் பேச்சு சரியில்லன்னு உங்க ஆபீஸ்ல சொன்னாங்க. அதுக்கப்புறம் எந்த இன்டர்வியூவுக்கும் நான் போகவே இல்ல மேடம்."

எனக்கு உன்மேல் கோபம் வந்தது. என்மேல் அதைவிட அதிகமாக வந்தது.

திங்கட்கிழமை இரண்டு தாள்களையும் மேனேஜரிடம் கொடுத்து, அவளை மறுபடி கூப்பிடச் சொல்லப் போகிறேன். என்னை இனி இன்டர்வியூவுக்கு உட்கார வைக்காவிட்டாலும் பரவாயில்லை. செத்தவளை ஏன் இழுக்கிறாய் என்று கேட்பார்கள். கேட்கட்டும். உன்னைக் குற்றமற்றவளாக்கி அழுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. உன் பெயரையும் சேர்த்துத்தான் சொல்வேன், இது சத்தியம். சொல்லிவிட்டு வந்து, உனக்காக அழுவேன்.

உன்னோடு சேர்ந்து தப்புச் செய்த,
கோமதி அக்கா