ஏழாம் கொட்டகையின் மூலைக்கல்

நூர்லான், நார்வே
ஆகஸ்ட் 18, ஞாயிறு

அன்புள்ள சுன்னிவா,

நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நியூசிலாந்துக் குளிரில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். மனசைப் பற்றிக் கேட்காதே. ஐந்து நாளாக எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. போனில் சொன்னால் நான் கத்துவேன், நீ அழுவாய், பாதியில் விட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு.

நம் காட்டில் போர்க்காலக் கைதி முகாம் இருந்த இடத்தின் வழியாக நடைக்கழகத்தார் பாதை போடப் போவதாகச் சொன்னேன் அல்லவா, போட்டுவிட்டார்கள். போன வாரம் சனிக்கிழமை ஊரே கூடி, காப்பியும் வாஃபிளுமாக, ஒரே நாளில். நான் அன்று பாலம் கட்டும் வேலைக்காக வெளியூரில் இருந்தேன். செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தால் நுழைவில் ஒரு பலகை. எளிய நடை, இரண்டரை கிலோமீட்டர், குழந்தை வண்டி போகும், உட்கார்ந்து காப்பி குடிக்க மூன்று பெஞ்சு. பறவைகளைப் பற்றி ஆறு வரி. கடைசியில் பொடி எழுத்தில், போரின்போது இங்கே ரஷ்யர் முகாம் இருந்தது என்று ஒரே ஒரு வரி. நானூறு பேர் பட்டினி வயிற்றோடு ஜெர்மன்காரனின் ரயில் பாதைக்குக் கல் சுமந்து நடந்த வழி அது, அவர்களுக்கு ஒரு வரி, மரங்கொத்திக்கு இரண்டு. அந்த நானூறு பேரில் ஒருவரான நம் செய்த்காலி ரஷ்யர்கூட இல்லை, கசாக்காரர். ரஷ்யர் முகாம் என்று சொல்வதைத் திருத்தச் சொல்லி நீ பதினாலு வயதில் எழுதிய கடிதத்துக்கு இவர்கள் இன்னும் பதில் போடவில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். சதுப்பு வரும் இடத்தில் நாற்பது மீட்டருக்குத் தட்டைக் கல் பாவியிருக்கிறார்கள். வேலை சுத்தம், மட்டம் பிசகவில்லை. இவ்வளவு கல் எங்கிருந்து வந்தது என்று திரும்பிப் பார்த்தால், கைதிகளை அடைத்திருந்த ஏழாம் கொட்டகையின் அடித்தளத்தைக் காணோம். பாசி உரிந்த மண் மட்டும் இருக்கிறது, பல் பிடுங்கிய ஈறு மாதிரி. நீ பதிமூன்று வயதில் பாசியைச் சுரண்டி, செய்த்காலி 1944 என்று கீறியிருந்ததைக் கண்டுபிடித்தாயே, அந்த மூலைக்கல்லும் போய்விட்டது. ஏழு வருடம் யார் யாருக்கோ எழுதி அவர் பேத்தி அய்குலைத் தேடிப் பிடித்தாய். அந்த அம்மாள் செப்டம்பர் இருபதாம் தேதி கசாக்ஸ்தானிலிருந்து வந்து எதைப் பார்ப்பது, மரங்கொத்தியையா?

நேரே கழகத் தலைவி பியோர்க் வீட்டுக்குப் போய்க் கத்தினேன். அவள் அசரவில்லை. ஏம்ப்பா வேகார்ட், எங்ககிட்ட எதுக்குக் குதிக்கிற, உன் பிளான்ல என்ன எழுதியிருக்கோ அதைத்தான செஞ்சோம் என்று தாளை எடுத்து நீட்டினாள். அவள் புருஷன் உள்ளேயிருந்து, இன்ஜினியர் ஐயா கையெழுத்துப் போட்ட கல்லும்மா, நான் ஷூவக் கழட்டிட்டுத்தான் நடக்குறேன் என்று சிரித்தான். தாளைப் பார்த்தேன். என் கையெழுத்துதான். சதுப்புப் பகுதிக்கு, அருகில் கிடைக்கும் தட்டைக் கற்களைப் பயன்படுத்தவும். சாலை வேலையில் ஆயிரம் தடவை எழுதிய வரி, லாரிச் செலவு மிச்சம் என்று யோசிக்காமல் கை எழுதிவிட்டது. அந்தக் காட்டில் தட்டைக் கல் வேறு எங்கே கிடைக்கும் என்று நான் ஒரு நொடி நினைக்கவில்லை. பலகை மேல் இருந்த கோபத்தை எல்லாம் மடித்து என் பையிலேயே போட்டுக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தும் கத்தினேன். அம்மா கேட்டுவிட்டு, கத்தி முடிச்சாச்சா, அப்போ கடப்பாரைய எடு, நானும் வர்றேன் என்றாள். உன் அலமாரியைத் திறந்தேன், மன்னித்துக்கொள், உன் பழைய நோட்டு வேண்டியிருந்தது. அறுபத்தொரு செண்டிமீட்டர் நீளம், முப்பத்தெட்டு அகலம், ஒரு ஓரம் உடைந்தது என்று குறித்து வைத்திருக்கிறாய். என் ஆபீஸில் இவ்வளவு ஒழுங்காக அளப்பவன் ஒருவனும் கிடையாது. நேற்று நூற்றுப் பன்னிரண்டு கல்லையும் அளந்தோம், நான்கு பொருந்தின. மூன்று வெறும் கல். நான்காவதைப் புரட்டும்போது பியோர்க் வந்து நின்றாள். முட்டி போட்டு, காப்பிக்குக் கொண்டுவந்த வெந்நீரை ஊற்றிச் சேற்றைக் கழுவினாள். எழுத்து அப்படியே இருக்கிறது, ஒரு கோடு அழியவில்லை. இத்தனை வருஷம் இங்கயே இருக்கேன், பேரு ஒண்ணு இருக்குன்னே தெரியாது வேகார்ட் என்றாள்.

பாதையைப் பெயர்த்துக் கல்லை எல்லாம் திரும்ப வைக்கப்போகிறோம், சதுப்புக்குப் பலகைப் பாலம் நானே அடிக்கிறேன். பியோர்க் ஊராரைக் கூட்டுகிறாள், நுழைவுப் பலகைக்கும் நீ சொல்லும் வரிகள்தான். மூலைக்கல் இருந்த இடம் உன் நோட்டில் இருக்கிறது. ஆனால் ஒன்றை நீ குறிக்கவில்லை, நானும் அன்று பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. அந்தப் பெயர் கொட்டகைக்கு உள்பக்கம் பார்த்திருந்ததா, வெளியே காட்டைப் பார்த்திருந்ததா? தப்பாக வைத்து அய்குலிடம் காட்ட மாட்டேன். உனக்கு நினைவிருக்கும்.

நன்றாகச் சாப்பிடு, அம்மா பின்னிய காலுறையைப் போட்டுக்கொள், நீ தொட்டதெல்லாம் நல்லபடி முடியட்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே ஒரு வரி போடு. உள்ளேயா, வெளியேயா. அதுவரை கல் உன் அறையில், உன் போர்வையின் மேல் இருக்கிறது.

உன் அப்பா,
வேகார்ட்